மண் கவுதாரி

விடிந்ததிலிருந்தே தங்கையாவுக்குப் பயம். போன வாரம்தான் மன்னார் வீதியில் ஆமி ட்றக் ஒன்று கண்ணிவெடியில் போயிருந்தது. அதற்குப் பிறகு சந்தியில் கடைகள் அரைக் கதவோடுதான் நடந்தன. அப்படியான நேரத்தில் கட்டுக்கரைக் குளத்தின் காய்ந்த தரையில் போய் நின்று துவக்கு வெடித்து விளையாடப் போகிறோம் என்றால் எவனுக்குத்தான் பயமிருக்காது?

“இன்னிக்கு வேணாங்க. எனக்கு மனசே சரியில்ல” என்றாள் மனைவி ராக்கம்மா. சொல்லிக்கொண்டே, சுட்டு ஆறவைத்த மண்தட்டுகளை வைக்கோல் போட்டுச் சாக்கில் அடுக்கினாள்.

“கடைசி ஆட்டம்டி. நான் போவாட்டி பொறிய யாரு இழுப்பா?”

“பொறி கெடக்கு. செல்லையாவயாச்சும் நிப்பாட்டுங்க.”

“ஒன் மருமவன்தானே? நீயே சொல்லிப் பாரு.”

செல்லையா தங்கையாவின் அக்காள் மகன். இவர்களுடைய மகள் பாலம்மாவைக் கட்டி ஒரு வருடம்தான். அவன் அந்நேரம் வாசலில் குந்தியிருந்து துவக்குக் குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு இழுத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்ததும் ராக்கம்மா வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஆட்டம் கட்டுக்கரைப் பக்கத்தில் எப்படி முளைத்தது என்று கேட்டால், பன்றியால் முளைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். வயலுக்குப் பன்றி இறங்காமலிருக்க லைசன்ஸ் எடுத்த துவக்குகள் ஊரில் இருந்தன. அறுவடை முடிந்து குளம் வற்றினால் துவக்குக்கும் வேலையில்லை, ஆளுக்கும் வேலையில்லை. கட்டுக்கரை வயல்காரர்கள் ஒரு கோஷ்டி, உப்புக்குளத்து வியாபாரிகள் ஒரு கோஷ்டி, முசலிப் பக்கத்தார் ஒரு கோஷ்டி என்று சேர்ந்து ஞாயிறுதோறும் கூடினார்கள். ஆகாயத்தில் எறிபடும் மண்தட்டைச் சுட்டு உடைக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கவுதாரி. புல்லுக்குள்ளிருந்து கவுதாரி கிளம்புகிற மாதிரியே அதுவும் விருட்டென்று தாழக் கிளம்பும்.

கவுதாரியைக் கிளப்புகிறவர் தங்கையா. நெஞ்சளவு ஆழத்தில் ஒரு குழி, முன்பக்கம் மண் அணை, குழிக்குள் லொறி வில்லுத்தகட்டில் செய்த எறிபொறி. வில்லை இழுத்துக் கொக்கியில் மாட்டித் தட்டை வைத்துவிட்டுக் காத்திருப்பார். சுடுகிறவன் “விடு!” என்றதும் கொக்கியைத் தட்டிவிடுவார். தட்டு உடைந்தால் ஆரவாரம் கேட்கும். உடையாவிட்டால் நக்கல் கேட்கும். எல்லாம் அவருக்குக் காதால்தான்.

அன்றைக்கு வந்திருந்தது ஏழெட்டுப் பேர். முசலிக் கோஷ்டி வரவே இல்லை. உப்புக்குளத்தில் இரும்புக் கடை வைத்திருந்த அப்துல் றசாக் முதலாளிதான் இந்த ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைவர். பொலிசில் எழுதி வாங்கிய அனுமதிக் கடிதத்தை சேர்ட் பைக்குள் வைத்து அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“துவக்கெல்லாத்தையும் அரசாங்கம் கேக்கப் போகுதாம். குடுக்கத்தான் வேணும். அதுக்கு முதல் இந்த ஆட்டத்தை முடிச்சுப் போடுவம். சுணங்காம சுடுங்க” என்றார்.

முதலில் கருவாட்டு வியாபாரி வலன்ரைன் சுட்டார். அந்த வருடம் முழுக்க அவர் ஒரு தட்டையும் தொட்டதில்லை.

“அண்ணை துவக்கத் தூக்கினா கவுதாரிக்கு ஆயுசு கெட்டி” என்றான் செல்லையா.

“போடா. நான் வேதக்காரன். பாவம் பார்த்து விடுறன்.”

“பாவம் பாக்கிறதுக்குத் தோட்டா எதுக்குண்ணே? சும்மா ‘பூ’ன்னு ஊதுங்க!”

குழிக்குள் இருந்த தங்கையாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அடுத்த தட்டை எடுத்து விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். ணங்கென்று சொன்னால் நல்ல தட்டு. சொத்தென்று சொன்னால் உள்ளே மயிரிழை வெடிப்பு இருக்கிறது. அது வில்லின் உதறலிலேயே பறக்கும்போது தானாக உடையும். தானாக உடைந்தது கணக்கில் சேராது என்பதால் சொத்தைகளைக் குழியின் மூலையில் ஒதுக்கிவைப்பார். அன்று அப்படி மூன்று ஒதுங்கியிருந்தன.

வலன்ரைனுக்கு அடுத்து செல்லையா. அவன் துவக்கை எடுத்த நேரம்தான் குளக்கட்டின் மேலே ஒரு இரைச்சல் கேட்டது. தங்கையா முதலில் உழவு மிசின் என்று நினைத்தார். ஆனால் உழவு மிசின் இப்படி அடித் தொண்டையால் உறுமாது.

“துவக்கக் கீழ வைங்க!” என்று றசாக் முதலாளி பதறின குரலில் கத்தியது கேட்டது. “எல்லாரும் வைங்க! கையத் தூக்குங்க!”

அணை மண்ணின் இடுக்கால் பார்த்தார். பச்சை ட்றக் ஒன்று குளக்கட்டிலிருந்து இறங்கித் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அது நிற்க முதலே ஆமிக்காரர்கள் குதித்துப் பரவினார்கள். ஒருவன் குழிக்கு நேரே ஓடிவந்து தங்கையாவின் தலைக்குத் துவக்கை நீட்டினான். தங்கையா கையைத் தூக்கினார். வில்லு இழுத்தபடியே கொக்கியில் மாட்டியிருந்தது. கால் பட்டு அது தட்டுப்பட்டால் இவன் சுட்டுவிடுவான் என்று நினைத்தார். அசையாமல் நின்றார்.

இறங்கிவந்த அதிகாரி இளவயது. மழித்த முகம், கறுப்புக் கண்ணாடி. தரையில் கிடந்த துவக்குகளையும் ஆட்களையும் ஒருமுறை பார்த்தான்.

“மேக்க மொகத?” இது என்ன என்று கேட்டான்.

றசாக் முதலாளிக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அன்றைக்கு அவருக்கே நாக்கு ஒட்டியது. விளையாட்டு, வெள்ளைக்காரன் காலத்து விளையாட்டு, பொலிசுக்குத் தெரியும் என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினார். அதிகாரி அதை விரித்துப் பார்க்காமலே தன் பையில் போட்டுக்கொண்டான். பிறகு ஒவ்வொருவருடைய லைசன்சையும் கேட்டான்.

லைசன்ஸ் என்ற சொல் கேட்டதும் தங்கையா செல்லையாவைப் பார்த்தார். செல்லையா கொண்டுவந்த துவக்கு செல்லையாவுடையதல்ல. அது மன்னார் ரவுணில் இருக்கும் வயல்காரருடையது. லைசன்சும் அவர் பெயரில் அவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. வயலைக் காவல் காப்பவன் செல்லையா என்பதால் ஆட்டத்திலும் அவர் இடத்தில் இவனே சுடுவான். சங்கத்தில் பாதிப் பேருக்கு வழக்கம் அதுதான்: துவக்கு ஒருவர் பெயரில், தோள் இன்னொருவருடையது. அதை யாரும் பிழையாக நினைத்ததில்லை. மற்றக் காவல்காரர்கள் அன்றைக்குப் பயத்தில் வராமல் நின்றுவிட்டார்கள். வந்தவன் இவன் ஒருவன்.

செல்லையாவை முழங்காலில் இருத்தினார்கள். பின்கழுத்தில் ஒருவன் பூட்சைப் போட்டான்.

“இள வயசுப் பொடியன், துவக்குக்குக் கடதாசி இல்லை” என்று அதிகாரி சொன்னதை றசாக் முதலாளி தமிழில் சொன்னார். அடுத்ததைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதிகாரி முறைத்த பிறகு சொன்னார்: “பறக்கிறதைச் சுட எதுக்குப் பழகிறான் எண்டு கேக்கிறார். எங்கட ஹெலிகொப்டரும் பறக்குதுதானே எண்டு கேக்கிறார்.”

வலன்ரைன் “மாதாவே” என்றார்.

“பண்டிக் காவல்காரன் சேர். தேயிலைத் தோட்டத்துச் சனம். எழுபத்தேழு கலவரத்தில மலையிலயிருந்து அடிபட்டு வந்ததுகள். இதுகளுக்கு ஒண்டும் தெரியாது” என்று முதலாளி தமிழிலும் சிங்களத்திலுமாக மாறி மாறிக் கெஞ்சினார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினான். தியத்தலாவையில் பயிற்சி எடுத்த காலத்தில் தானும் இந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறேன் என்றான். பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

“விளையாட்டெண்டா நானும் விளையாடுறன் எண்டு சொல்றார். இந்தப் பொடியனோட. ஆளுக்கு நாலு தட்டு.” குழிப் பக்கம் திரும்பி உரக்கக் கத்தினார்: “தங்கையா! சேர் சுடப் போறார்! பார்த்து விடு! விளங்கிச்சா? பார்த்து விடு!”

தங்கையாவுக்கு விளங்கியது. செல்லையா நாலையும் உடைத்தால் ஹெலிக்குப் பழகினவன் ஆகிவிடுவான். நாலையும் தவறவிட்டால், விளையாட்டு என்று சொன்னது பொய்யாகிவிடும். இந்த அதிகாரி தன் ஆட்களுக்கு முன்னால் தோட்டத்துக் கூலிக்காரனிடம் தோற்றாலோ, அதற்கு மேல் நினைக்க அவருக்குப் பயமாயிருந்தது. ட்றக்கின் பின்பலகை திறந்தே கிடந்தது. அப்படி ஏற்றிக் கொண்டுபோகப்பட்ட எவரும் அந்தச் சந்தியில் திரும்பி இறங்கி அவர் பார்த்ததில்லை.

மருமகனோடு ஒரு வார்த்தை பேச வழியில்லை. பொறியடியில் குனிந்து நின்றால் அணை இடுக்கால் செல்லையாவின் முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. சாரத்தில் தூசி. கால் நடுங்குகிறதா என்று பார்த்தார். நடுங்கவில்லை. அந்தக் கால் துவக்குப் பிடித்தால் நடுங்காது. அதுதான் இப்போது வினை.

“விடு!”

தங்கையா முதல் தட்டை இடப்பக்கம் முறித்து, நிலத்தோடு ஒட்ட விட்டார். அப்படி விட்டால் யாருக்கும் கிடைக்காது. வெடி கேட்டது. தட்டு தூள்.

“சனியனே” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். செல்லையாவுக்குப் பன்றியும் தெரியாது, ஆமியும் தெரியாது; ஏதேனும் எழும்பினால் துவக்கு தானாகத் தோளுக்கு ஏறும்.

அதிகாரி றசாக் முதலாளியின் துவக்கை எடுத்திருந்தான். அவனுக்குத் தமிழில் “விடு” வந்தது. தங்கையா நேராக, உயரமாக, சோம்பலாக ஒன்றை விட்டார். அது தூளானது. ஆமிக்காரர்கள் கைதட்டினார்கள்.

இரண்டாவது முறையும் செல்லையா உடைத்தான். இரண்டாவது முறை அதிகாரி தவறவிட்டான். தங்கையா நேராகத்தான் விட்டார். அந்த மனுசன் அவசரப்பட்டு முந்திச் சுட்டுவிட்டான். தட்டு முழுசாகப் போய்த் தரையில் சறுக்கி நின்றது. ஆமிக்காரன் ஒருவனுக்குச் சிரிப்புப் பீறிட்டது. அதிகாரி திரும்பிப் பார்த்தான். சிரிப்பு அந்த இடத்திலேயே அறுந்தது.

இதற்கு மேல் செல்லையாவுக்கு ஒன்றும் கிடைக்கக்கூடாது. எப்படி? தட்டை எங்கே முறித்தாலும் அவன் எடுக்கிறான். தங்கையா கண்ணை மூடித் திறந்தார்.

“விடு!”

தங்கையா விடவில்லை. ஒரு மூச்சு அடக்கினார். செல்லையாவின் குதி லேசாக எழும்பியது. என்ன சுணக்கம் என்று பார்க்கத் தலையைத் திருப்பியிருப்பான். அந்த நேரம் கொக்கியைத் தட்டினார். துவக்கு தோளுக்கு ஏறுவதற்குள் தட்டு தாண்டிவிட்டது. வெடி வெறும் ஆகாயத்துக்குப் போனது.

“மாமா!” என்று செல்லையா கத்தினான். “என்னா பண்றீங்க?”

குழிக்கு மேலே நின்ற ஆமிக்காரன் குனிந்து பார்த்தான்.

“கொக்கி இறுகிப் போச்சு” என்று தங்கையா சத்தமாகச் சொன்னார். “துரு.” பொய்யை மெய்யாக்கக் கல்லெடுத்துக் கொக்கியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அதிகாரி மூன்றாவதைச் சரியாக உடைத்தான். இருவருக்கும் இரண்டு. செல்லையாவின் கடைசித் தட்டுக்குத் தங்கையா அதையே மாற்றிச் செய்தார். அவன் கோபத்தில் இருந்தான். இந்த முறையும் மாமா சுணக்குவார் என்று காத்திருந்தான். “விடு” என்ற சத்தம் முடிய முதலே தங்கையா விட்டார். துவக்கு இடுப்பளவில் இருந்தபோதே தட்டு போய்விட்டது.

இப்போது அதிகாரியின் கடைசி. இதை உடைத்தால் வென்றான். தவறவிட்டால் காவல்காரனும் அவனும் சரிக்குச் சரி. அவன் கைலேஞ்சியால் உள்ளங்கையைத் துடைத்தான். தலையை நிமிர்த்திய தங்கையா அதைப் பார்த்தார். கை வியர்த்தவனுக்குத் தட்டு கிடைக்காது. வலன்ரைனுக்கு இதே வியாதிதான்.

மூலையில் ஒதுக்கிய மூன்றிலிருந்து ஒன்றை எடுத்தார். வெடிப்பு நடுவால் ஓடியிருந்தது. இது பறந்து உடைவது நிச்சயம். எப்போது உடையும் என்பதுதான் நிச்சயமில்லை. வெடிக்கு முதல் உடைந்தால் குளத்துக்குள் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். வில்லிலேயே உடைந்தால் குழி நிறைய ஓட்டுத் துண்டுதான். வேறு வழி இருக்கிறதா என்று யோசிக்க அவருக்கு நேரம் தரவில்லை.

“விடு!”

தட்டு தளம்பிக்கொண்டு எழும்பியது. தங்கையா அதன் பின்னாலேயே மூச்சையும் அனுப்பிவிட்டு நின்றார். உடையாதே, உடையாதே, இன்னும் கொஞ்சம். வெடித்தது. தட்டு இரண்டாகப் பிரிந்து, இரண்டு பாதியும் சுழன்று சுழன்று விழுந்தன.

ஆமிக்காரர்கள் கூவினார்கள். றசாக் முதலாளியும் கைதட்டினார். வலன்ரைன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். செல்லையா மட்டும் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். துவக்குச் சன்னம் பட்ட தட்டு தூளாகும். இப்படிப் பாதி பாதியாய்ப் பிரியாது. அது அவனுக்குத் தெரியும். இவன் வாயைத் திறந்துவிடக்கூடாதே என்று தங்கையா வேண்டாத தெய்வமில்லை. திருக்கேதீஸ்வரத்துக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்தார்.

செல்லையா வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதிகாரி நடந்துபோய் விழுந்த பாதி ஒன்றை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். உடைந்த விளிம்பில் ஒரு பகுதி பழைய அழுக்கு, ஒரு பகுதி புதுச் சிவப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நேரே குழிக்கு வந்தான். அணைமேல் குந்தினான். மூலையில் மிச்சமிருந்த சொத்தை இரண்டையும் பார்த்தான். தங்கையாவைப் பார்த்தான். மற்றவர்கள் தூரத்தில் நின்றார்கள்.

“இது நீ செய்றது?” என்று கொச்சைத் தமிழில் கேட்டான்.

“எம் பொஞ்சாதி செய்யிறா தொரை.”

“அவன் யார்? மகன்?”

“மருமவன் தொரை. மவளக் கட்டினவன். புள்ளத்தாச்சி வீட்ல இருக்கா.” சொல்லிவிட்டு, இதைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று பயந்தார்.

அதிகாரி கையிலிருந்த பாதியை இன்னொருமுறை திருப்பிப் பார்த்தான். பிறகு அந்தப் பாதியைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். முகத்தில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று தங்கையாவால் சொல்ல முடியாமல் இருந்தது.

“நீ நல்ல ஆள்” என்றான். “இந்த மெசின் ஆமி காம்புக்குப் போகுது. ஞாயிறு, ஞாயிறு நீ வா. எனக்கு விடு. இன்றைக்கு விட்ட மாதிரி.” எழும்பும்போது, “வராவிட்டால் நான் வருவேன். வீடு தெரியாது என்று நினைக்காதே” என்றான். இதைச் சொன்னபோது அவன் தமிழ் கொச்சையாக இருக்கவில்லை.

துவக்குகள் எல்லாம் ட்றக்கில் ஏறின. எறிபொறியை நாலு பேர் சேர்ந்து குழியிலிருந்து கிளப்பி ஏற்றினார்கள். மிச்சத் தட்டுச் சாக்கும் போனது. செல்லையாவின் முதுகில் ஒருவன் துவக்குப் பிடியால் ஒரு இடி இடித்து, “யன்ட!” என்று துரத்தினான். ட்றக் கட்டேறி மறையும்வரை எல்லாரும் கை தூக்கியபடியே நின்றார்கள்.

வலன்ரைனின் உழவு மிசின் பெட்டியில்தான் திரும்பினார்கள். முதலாளி “அல்ஹம்துலில்லாஹ்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துவக்குப் போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கொஞ்சத் தூரம் வந்த பிறகு வலன்ரைன் திரும்பிப் பார்த்து, “டேய் செல்லையா, கடைசியில நீயும் என்னோட சேந்திட்டாய் பாத்தியா” என்றார். செல்லையாவுக்கு அது பொறுக்கவில்லை.

“நான் விடலண்ணே. மாமா என்னய விட வச்சாரு. ஒன்ன சுணக்கி, ஒன்ன முந்தி. சொத்தத் தட்டப் போட்டு அவன ஜெயிக்க வச்சாரு. இந்தக் குளத்துல எவனுக்கும் நான் தோத்ததில்ல.”

“வாய மூடு” என்றார் முதலாளி. “உன்ட உசிரப் புடிச்சுத் தந்திருக்கார் மனுசன்.”

செல்லையா முகத்தைத் திருப்பிக்கொண்டான். உழவு மிசின் சந்தியைத் தாண்டும்போது சைக்கிளில் நின்ற இரண்டு பொடியன்கள் அவர்களை உற்றுப் பார்த்தார்கள். ஆமி மறித்தவர்களை ஆமியே விட்டுவிட்டது என்ற கதை இந்நேரம் காட்டுக்குள் இருக்கும் இயக்கத்துக்குப் போயிருக்கும். ஞாயிறு காம்ப் வாசலில் தன்னைக் கண்டால் அதற்கும் ஒரு கதை போகும்.

பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி, வவுனியா பஸ் என்றைக்கு என்று அவர் யோசித்தார்.

வீட்டுப் படலையடியில் இறங்கியதும் ராக்கம்மாவும் பாலம்மாவும் ஓடிவந்தார்கள். பாலம்மா புருசனின் முதுகைத் தடவித் தடவி அழுதாள். செல்லையா கூச்சப்பட்டு அவளைத் தள்ளினான்.

“மாப்புள” என்று தங்கையா கூப்பிட்டார். “வெள்ளிக்கிழம காலைலதான் வவுனியா பஸ் இருக்கு. நீயும் பாலம்மாவும் போங்க. ஒங்க சித்தப்பா வீட்டுல இருங்க. நான் சொல்லி அனுப்புற வரைக்கும் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க.”

“அதான் விட்டுட்டானே மாமா. ஒங்களுக்கு இன்னும் என்னா பயம்?”

தங்கையா அதிகாரி சொன்னதைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை செல்லையா அவர் முகத்தையே பார்த்தான். குளத்திலிருந்து ஏறின கோபமெல்லாம் அவன் முகத்திலிருந்து வடிந்து போனது.

“நீங்க போவாதீங்க மாமா. போனா காட்டிக்குடுக்கிறவன்னு பொடியங்க சுடுவாங்க.”

“போவாட்டி அவன் இங்க வருவான். வந்தா நீ இருக்கக்கூடாது. புள்ளத்தாச்சி இருக்கக்கூடாது.”

“அப்ப நீங்களும் வெள்ளிக்கிழம பஸ்ஸில வாங்க.”

“நானும் ஏறினேன்னா, ஞாயித்துக்கிழம என்னயக் காணாம எல்லாரையும் தேடுவான். ஞாயித்துக்கிழம நான் அங்க நின்னாத்தான் ஒங்கள ஒருத்தனும் தேட மாட்டான்.”

ராக்கம்மா அதுவரை கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே போய், பாலம்மாவின் உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். செல்லையா வாசலில் அப்படியே குந்தினான். காலையில் துவக்குத் துடைத்த எண்ணெய் அவன் விரல்களில் இன்னும் இருந்தது. அவன் அதைச் சாரத்தில் துடைத்தான். மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டேயிருந்தான்.